அட்டவணை நிரல்களை மறைத்தல்: மூன்று வழிகளின் ஒப்பீடு

யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்று, க.பொ.த. சாதாரண தர முன்னோடிப் பரீட்சையின் புள்ளிகளைப் பெற்றோருக்கான தளத்தில் இடுவதாகக் கொள்வோம். சுட்டெண், பெயர், 9 பாடங்கள், மொத்தம், நிலை (எத்தனையாம் இடம்) என 13 நிரல்கள், அதாவது செங்குத்து வரிசைகள், வரும்போது, நெடுந்தீவிலிருந்து கைத்தொலைபேசியில் பார்ப்பவருக்கு அட்டவணையின் பாதி திரைக்கு வெளியே போய்விடும்.

சில நிரல்களை மறைக்கப் பலரும் முதலில் நாடுவது, இணையப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் 'என்த்-சைல்ட்' விதி; அது இத்தனையாவது உறுப்பு என எண்ணித் தெரிவுசெய்யும். ஒவ்வொரு நிரையிலும் (கிடை வரிசையிலும்) 12ஆம் கலத்துக்கு 'டிஸ்ப்ளே: நன்' (காட்டாதே) கொடுத்தால் 'மொத்தம்' நிரல் மறைய வேண்டும். ஆனால் அவ்விதி எண்ணுவது கலங்களையே, நிரல்களை அல்ல. தலைப்பில், 9 பாடங்களுள் மாணவர் தெரிவுசெய்யும் மூன்று தொகுதிப் பாடங்களும் ஒரே கலமாக இணைக்கப்பட்டிருந்தால், அங்கே மொத்தம் 10ஆம் கலமாகிவிடும். எனவே புள்ளிகள் மறைந்தும் தலைப்பு மறையாது, மாணவரின் நிலை 'மொத்தம்' என்பதன் கீழே வந்து நிற்கும். பெற்றோர் அதைப் புள்ளியென்றே வாசிப்பர். ஆகவே, இடத்தை எண்ணாமல், நிரலின் எல்லாக் கலங்களுக்கும் ஒரே 'கிளாஸ்' பெயரிட்டு (சிஎஸ்எஸ் அடையாளங்காணும் பெயர்) மறைப்பதே சிறிய அட்டவணைக்கு உகந்தது என்பேன்.

முழு நிரலையும் குறிக்கும் எச்டிஎம்எல் 'கொல்' (col) உறுப்புக்கு 'விசிபிலிட்டி: கொலாப்ஸ்' (சுருக்கி மறை) கொடுப்பது இதற்கென்றே வகுக்கப்பட்ட வழி. எனினும் குரோம் உலாவியில் அது 2021இல், 91ஆம் பதிப்புடனேயே ஒழுங்காக இயங்கத் தொடங்கியது. பழைய கைத்தொலைபேசிகளை நினைத்தால் அதை நம்பியிருக்க முடியாது.

தேடலும் வரிசைப்படுத்தலும் தேவையெனில், அட்டவணைகளுக்கான ஆயத்த ஜாவாஸ்கிரிப்ட் நிரற்தொகுப்பான டேட்டாடேபிள்ஸ் நூலகத்தின் 'விசிபிள்' கட்டளையே சிறந்தது. அது இணைந்த தலைப்புகளையும் சமாளிக்கும். அமைப்பில் கேட்டுக்கொண்டால், பயனர் மறைத்த நிரல்களை அடுத்த வருகையிலும் நினைவில் வைத்திருக்கும். பல நிரல்களை ஒருங்கே மறைக்கும்போது அக்கட்டளையின் இரண்டாம் அளவுருவாக 'ஃபோல்ஸ்' (உடனே மீளக் கணிக்க வேண்டாம்) இட்டு, இறுதியில் ஒரு தடவை மட்டும் அகலங்களைச் சரிசெய்வது நல்லது. இல்லாவிடில் ஒவ்வொரு நிரலுக்கும் அட்டவணை மீளக் கணிக்கப்படும். கலங்கள் பக்கத்திலிருந்து அகற்றப்பட்டாலும் தரவு உள்ளேயே இருப்பதால், மறைந்த நிரலிலுள்ள எண்ணையும் தேடல் கண்டுபிடிக்கும். அதை விரும்பாதவர் அந்நிரலுக்குத் தேடலை நிறுத்திவைக்க வேண்டும்.

பாதுகாவலரின் தேசிய அடையாள அட்டை இலக்கமோ குடும்ப வருமானமோ இவ்வழிகளில் எதனாலும் காக்கப்படுவதில்லை. அவை சேவையகத்திலிருந்தே அனுப்பப்படக் கூடாது. பக்க மூலத்தைத் திறந்து பார்க்கும் அளவுக்குக்கூட எவரும் மெனக்கெடத் தேவையில்லை: டேட்டாடேபிள்ஸின் ஏற்றுமதிப் பொத்தான், தெரியும் நிரல்கள் மட்டும் என்று குறிப்பிடாவிட்டால், மறைத்தவற்றையும் சேர்த்தே கோப்பில் இறக்கித் தந்துவிடும்.