சபைச் சுகாதார ஊழியத்துக்கு வாங்கிய பிபி மெஷின்: பயன்படுத்திப் பார்த்ததில் தெரிந்தவை

எங்கள் சபையில் சுகாதார ஊழியம் தொடங்கலாம் என்று முடிவானதும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "சிஸ்டர், என்னென்ன வாங்கணும்?" நான் ஓய்வுபெற்ற நர்ஸ். மேல்கையில் கட்டும் ஆட்டோமேட்டிக் பிபி மெஷின் ஒன்று போதும், மற்றதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்றேன். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவான பேருக்கு அது இருப்பதே தெரியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலும் வலியும் இருக்காது, அறிகுறியும் இருக்காது. ஊசி குத்தாமல், ரத்தம் எடுக்காமல் அதைக் கண்டுபிடிக்க முடியும் என்பதால் ஒரு சபை துணிந்து தொடங்கக்கூடிய வேலை இது.

நாங்கள் வாங்கியது சாதாரண வீட்டு உபயோக மாடல். பட்டனை அமுக்கினால் காற்று ஏறி, மெதுவாக இறங்கி, மேல் எண், கீழ் எண், நாடித்துடிப்பு மூன்றையும் காட்டும். பேட்டரியிலும் ஓடும், அடாப்டரிலும் ஓடும். ஆராதனை முடிந்த கையோடு வரிசையில் நிற்பவர்களுக்குப் பார்க்க இது நன்றாகவே உழைக்கிறது. ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்ப்பதுதான் சரி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் சுற்றிலும் பேச்சுச் சத்தம் இருக்கும் கூடத்தில் பயிற்சி குறைந்த தன்னார்வலர் அந்த ஒலியைச் சரியாகக் கேட்பது கடினம். பாதரச மெஷினும் வேண்டாம். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை அவற்றின் உற்பத்தியை நிறுத்த வைத்த கெடு 2020. மணிக்கட்டில் கட்டும் வகை பார்க்க வசதியாக இருக்கும், ஆனால் கை நெஞ்சு மட்டத்திலிருந்து சற்று ஏறி இறங்கினாலும் எண் மாறிவிடும். அதையும் தவிர்த்துவிடுங்கள்.

இந்த மெஷினின் பெரிய குறை கஃப், அதாவது கையில் சுற்றிக் கட்டும் காற்றுப் பட்டை. பெட்டியோடு வந்தது 22 முதல் 32 செ.மீ. வரையிலான கைச் சுற்றளவுக்கு மட்டும். பருமனான கை உள்ளவர்கள் எந்தச் சபையிலும் நிறைய பேர் இருப்பார்கள். சிறிய கஃபை அந்தக் கையில் கட்டினால் அழுத்தம் இல்லாதவருக்கும் இருப்பதாகக் காட்டும். 2023-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், மிகப் பெரிய கஃப் தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரண கஃபைக் கட்டிப் பார்த்தபோது மேல் எண் சராசரியாக 19.5 அதிகமாக வந்தது. நல்ல நிலையில் இருப்பவரைப் பயமுறுத்தி மருத்துவமனைக்கு அனுப்ப இது தாராளமாகப் போதும். அதனால் பெரிய கஃபைத் தனியாக வாங்கினோம். வாங்கும் முன்பே உங்கள் மாடலுக்குப் பெரிய கஃப் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் அந்த மாடலே வேண்டாம். கூடவே ஒரு தையல் டேப் வைத்துக்கொண்டு, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அளந்த பிறகு கஃபைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு குறையும் உண்டு, எனக்கு இதில்தான் அதிக வருத்தம். இந்த மெஷின் பேசும். அளந்து முடித்ததும் எண்களைச் சத்தமாகச் சொல்லும். கண் பார்வை குறைந்தவர் வீட்டில் தனியாக வைத்துக்கொள்ள அருமையான வசதி. சபைக் கூடத்திலோ பின்னால் நிற்பவர், பக்கத்தில் நிற்பவர் எல்லோருக்கும் அது கேட்டுவிடும். ஒலியை அணைக்க ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதை முதல் நாளே அணைத்துவிடுங்கள். மெமரி பட்டனிலும் கவனம் வேண்டும். இரண்டு பேருக்கான நினைவகம் குடும்பத்துக்குச் சரி. சபையில் அதை அமுக்கினால் முன்னால் உட்கார்ந்திருந்தவரின் எண் அடுத்தவர் கண்ணில் படும். நாங்கள் பதிவாகாத விருந்தினர் முறையில் மட்டும் பயன்படுத்துகிறோம். ப்ளூடூத்தை இணைக்கவே இல்லை. எண்ணை ஒரு சிறு அட்டையில் எழுதி அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறோம்.

இதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. சபையில் அக்கறையும் செய்தியும் ஒரே வேகத்தில் பரவும். "அந்த ஐயாவுக்கு பிபி ரொம்ப அதிகமாம், ஜெபிச்சுக்கோங்க" என்று யாராவது நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் அந்த ஐயா அனுமதி கொடுத்தாரா? அவர் கேட்டுக்கொள்ளாமல் அவருடைய எண் ஜெபக் குறிப்பாகக்கூட வெளியே போகக் கூடாது. இந்த ஒரு விதியைப் போதகரே மேடையிலிருந்து அறிவித்த பிறகுதான் பலர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்கள்.

மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்று கேட்பவர்களுக்கு: உட்காரும் விதம் சரியாக இருந்தால் காட்டுகிறது. சாய்மானம் உள்ள நாற்காலி, தரையில் பதிந்த பாதம், கால் மேல் கால் கூடாது, மேசை மேல் நெஞ்சு மட்டத்தில் கை. 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகே பட்டனை அமுக்க வேண்டும். 2024-ல் வெளியான ஆய்வு ஒன்றில், கையை மடியில் வைத்தவர்களுக்கு மேல் எண் ஏறக்குறைய 4 கூடியது, பக்கவாட்டில் தொங்கவிட்டவர்களுக்கு 6.5 கூடியது. அளக்கும்போது பேசினாலும் ஏறும். சபையில் இதுதான் கஷ்டம், ஏனென்றால் எங்கள் ஆட்கள் பார்த்ததும் நலம் விசாரிக்காமல் இருக்க மாட்டார்கள். எனவே கூடத்தை விட்டு ஒரு சிறிய அறைக்கு மாறினோம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்க்கிறோம். மார்பக அறுவை சிகிச்சையில் அக்குள் நிணநீர்க் கட்டிகளை எடுத்த பக்கம், டயாலிசிஸுக்கான இணைப்பு உள்ள கை இரண்டையும் தவிர்க்கிறோம். சீரற்ற துடிப்புக் குறி திரையில் தெரிந்தால் மீண்டும் பார்க்கிறோம், எண் எதுவானாலும் மருத்துவரிடம் போகச் சொல்கிறோம்.

இந்த மெஷினால் செய்ய முடியாத வேலை ஒன்று இருக்கிறது. எண் வந்த பிறகு என்ன செய்வது? மெஷினுக்கு முன்பே இதைத் தீர்மானித்து வைத்துக்கொள்ளுங்கள். 180/120-ஐத் தாண்டினால் சில நிமிடம் கழித்து மறுபடி பார்க்கிறோம். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம் இருந்தால் மறுபடி பார்க்கக் காத்திருப்பதில்லை, உடனே ஆம்புலன்ஸ். அறிகுறி இல்லாமல் எண் மட்டும் அப்படியே நின்றால் அன்றைக்கே மருத்துவரைத் தொடர்புகொள்ள உதவுகிறோம். அதற்குக் குறைவான, ஆனால் உயர்ந்த எண் வந்தவர்களை அடுத்த வாரமும் வரச் சொல்லி, மருத்துவரைப் பார்த்தார்களா என்று ஒருவர் போனில் விசாரிக்கிறார். மாத்திரையைப் பற்றி நாங்கள் வாயே திறப்பதில்லை. "ஜெபத்தில் சரியாகிவிட்டது, மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்று சொல்பவரிடம் மட்டும், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்று போதகரும் நானும் சேர்ந்தே பேசுகிறோம்.

1980-களின் நடுவில் அமெரிக்காவில் கிரேஞ்சர் வெஸ்ட்பெர்க் என்ற லூத்தரன் போதகர் ஒரு மருத்துவமனையோடு சேர்ந்து ஆறு சபைகளில் நர்ஸ்களை அமர்த்தினார். உடலையும் ஆவியையும் சேர்த்துக் கவனிக்கும் ஆள் சபைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். எங்கள் அனுபவமும் அந்தப் பக்கமே நிற்கிறது. அடுத்த வாரம் போன் செய்ய ஒருவர் இருப்பதால்தான் இந்த எண்ணுக்குப் பயன் இருக்கிறது.

மொத்தத்தில் வாங்கலாம், ஆனால் பேசாத மாடலாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். துல்லியம் பரிசோதிக்கப்பட்ட மெஷின்களின் பட்டியல் ஸ்ட்ரைட் பிபி என்ற அமைப்பிடம் இருக்கிறது. கடைக்குப் போகும் முன் மாடல் பெயர் அதில் உண்டா என்று பாருங்கள். எங்கள் இரண்டாவது மெஷினை அந்தப் பட்டியலில் இருந்துதான் தேர்ந்தெடுக்கப் போகிறோம். மிகப் பெரிய கஃபும் அதோடு சேர்த்து வாங்குவதாக இருக்கிறோம்.