சில்லு வைத்த கோழிக்கூட்டுக்கு முற்பணம் கட்டுவதற்கு முன் இதை வாசியுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீட்டு வளவில் கோழி வளர்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘நகரும் கோழிக்கூடு’ என்று பேஸ்புக்கில் விளம்பரம் போட்டு விற்கிற ஒருவரிடம் கடந்த மே மாதம் 52,000 ரூபாய் கொடுத்து ஏமாந்துபோனேன். காசு ஒரு பக்கம். மூன்று கோழிகள் செத்தன, ஒன்றுக்குக் கால் முறிந்தது. அதுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

எங்கள் வீடு குருக்கள்மடத்துக்குக் கிட்ட. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே முழுக்க மணல். பதின்மூன்று பெட்டை, ஒரு சேவல். கூடு கிணற்றடியில் இருக்கிறது, மேய்கிற இடம் வளவின் பின்னால் தென்னைகளுக்குக் கீழே. இடையில் அம்மாவின் பயிற்றங்காய்ப் பாத்திகள். காலையில் கோழிகளைப் பாத்திக்குள் இறங்கவிடாமல் ஓட்டிக்கொண்டு போவதும், பின்னேரம் திரும்பக் கூட்டி வருவதும் பெரும்பாடு. அப்போதுதான் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். கூட்டையே புல்லுள்ள இடத்துக்கு உருட்டிக்கொண்டு போகலாமாம். படத்தில் இருந்தது ஏதோ வெளிநாட்டுப் புல்வெளி, மேசை போலச் சமதரை. எங்கள் மணலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். அம்மா யோசித்தார். “கோழிக்குக் காலிருக்குப் புள்ள, கூட்டுக்கு என்னத்துக்குச் சில்லு?” என்று கேட்டார். நான் கேட்கவில்லை.

மணலில் உருளுமா என்று விற்கிறவரிடம் வட்ஸ்அப்பில் கேட்டேன். “சைக்கிள் உருட்டுற மாதிரி ஒரு கையால உருட்டலாம் அக்கா” என்று குரல் பதிவு அனுப்பினார். அரை அங்குலக் கண் வெல்ட் மெஷ் (கம்பிகளை ஒட்டிச் செய்த விறைப்பான வலை), துருப்பிடிக்காத குழாய், இருபது கோழி தாராளமாகத் தங்கும் என்றார். 35,000 ரூபாய் முற்பணம் வங்கியில் போட்டேன். பில் கேட்டதற்கு, “கூடு கொண்டு வரக்குள்ள தாறன்” என்றார்.

கூடு வந்தது மாலை ஆறரை தாண்டி. லொறிக்காரர் அவசரப்படுத்தினார், இருட்டிவிட்டது, மீதி 17,000 ரூபாயையும் கொடுத்தேன். பில் அப்போதும் வரவில்லை. பெயின்ட் கையில் ஒட்டியது.

விடிந்து பார்த்தால் அது சொன்ன கூடே இல்லை. வெல்ட் மெஷுக்குப் பதிலாக ஒரு அங்குல அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலை. அதையும் சட்டத்தில் ஒட்டாமல், ஒரு சாணுக்கு ஒரு கட்டு என்று கட்டுக்கம்பியால் முடிந்திருந்தார்கள். அந்த வலை கோழியை வெளியே விடாமல் மறிக்கும், மரநாயின் பல்லுக்கு நிற்காது. சில்லுகள் உள்ளங்கை அளவு, சீமெந்துத் தரையில் அலுமாரி நகர்த்தப் போடுகிற சில்லு. மணலில் வைத்ததும் அச்சு வரை புதைந்தன. நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும் கயிறு போட்டு இழுத்துத்தான் தென்னைக்குக் கீழே கொண்டுபோனோம். கூரை தகரம், காற்றுப் போக ஒரு இடைவெளி இல்லை. கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் பத்து மணிக்கே கோழிகள் வாயைப் பிளந்து, செட்டையை அகட்டிக்கொண்டு நின்றன.

கால் முறிந்தது மூன்றாம் நாள். கோழிகளை உள்ளே வைத்தே நகர்த்தலாம் என்று விற்றவர் சொல்லியிருந்தார். இழுக்கும்போது முன்னால் உள்ளவை நடக்கும், பின்னால் நிற்பது பயந்து பதுங்கும். பின்பக்க இரும்புச் சட்டம் மணலை வாரிக்கொண்டு வந்து செவலைக் கோழியின் காலில் ஏறியது. அது கத்திய பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அம்மா ஈர்க்கில் முறித்து வைத்து, துணியால் சுற்றிக் கட்டினார். இப்போது நடக்கிறது, நொண்டி நொண்டி.

கோழிகளை வெளியே மேயவிட்டு, கூட்டை நாற்பது அடி தள்ளி வைத்த நாளில் இன்னொன்றும் தெரிந்தது. பொழுதுபட்டதும் அவை புதுக் கூட்டைத் தேடிப் போகவில்லை. காலையில் கூடு இருந்த வெறும் புல்லில் போய்க் கூட்டமாக நின்றன. கோழி அடைகிற இடத்தைத்தான் ஞாபகம் வைக்கிறது. புது இடத்தில் அடையப் பழக்க வேண்டுமென்றால் சில நாள் உள்ளேயே அடைத்துத் தீனி போட வேண்டும். அன்றைக்கே பழகிவிடும் என்று அவர் சொன்னது சுத்தப் பொய்.

மரநாய் வந்தது இரண்டாம் கிழமை. உள்ளே நாலு அடி நீளத்தில் ஒரே ஒரு தடிதான் போட்டிருந்தார்கள். ஒரு கோழி அடைய ஏறக்குறைய எட்டு அங்குலம் வேண்டும். அப்படியானால் அதில் ஆறு கோழிதான் இருக்கும், இருபது என்ற கதைக்கே இடமில்லை. மற்ற எட்டும் தரையில், வலையோரமாகப் படுத்தன. கட்டுக்கம்பி இரண்டு அறுந்து கிடந்தது. மூன்று பெட்டைகள் போய்விட்டன, அதில் ஒன்று முட்டையிடத் தொடங்கி ஒரு மாதம் கூட ஆகாதது.

அதன் பிறகு விற்றவர் பேசிய பேச்சு ஒன்றுதான்: “அடுத்த கிழமை ஆள் அனுப்புறன் அக்கா.” பத்துக் கிழமை இப்படியே போனது. கடல் காற்றில் ஒட்டு வைத்த இடமெல்லாம் துருவேறி, பெயின்ட் செதில் செதிலாகக் கழன்றது. அடியில் பிறைமர் (துரு பிடிக்காமல் முதலில் பூசுவது) பூசவே இல்லை.

இந்த இழுத்தடிப்பு ஏன் முக்கியம் என்றால், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்ய, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதம்தான் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கேட்டால் பில் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை என்பதும் அதே சட்டத்தில் உண்டு. எனக்கு இது தெரியவந்தபோது ஒன்பது நாள்தான் மிச்சம். வங்கிச் சீட்டு, குரல் பதிவு, படங்கள் எல்லாம் வைத்து எழுதிக் கொடுத்துவிட்டேன். முதலில் போனில் விசாரிக்க அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு எடுக்கலாம்.

இப்போது கோழிகள் பழைய கூட்டில்தான். கிணற்றடியிலிருந்து தென்னை வரை, பாத்திகளை விலக்கி, கம்பு நட்டு ஒரு முழ அகலத்தில் வலைப் பாதை போட்டிருக்கிறோம். கழித்துப்போட்ட கரைவலைத் துண்டு, தடித்த நூல். தங்கூசி (மெல்லிய நைலோன் இழை) வலை மட்டும் வேண்டாம், கோழியின் காலில் சுற்றினால் சதையை வெட்டும். காலையில் வெறும் வயிற்றோடு விடுகிறோம், தாமாகவே மேயப் போகின்றன. பின்னேரம் அம்மா குருணல் டின்னைத் தட்டி “பா பா பா” என்றதும் வரிசையாகத் திரும்புகின்றன. தீனி கூட்டுக்குள் மட்டும்தான், வெளியே ஒரு மணி தானியம்கூடப் போடுவதில்லை. பழக ஐந்து நாள் எடுத்தது. செவலை கடைசியாக வரும், அதற்காகக் கதவைத் திறந்து வைத்திருப்போம்.

ஏற்கெனவே முற்பணம் கட்டிவிட்டு லொறிக்குக் காத்திருப்பவர்கள் இருந்தால், பகலில்தான் இறக்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். இறக்கியதும் விற்றவரையே உங்கள் மணலில் இருபது அடி இழுக்கச் சொல்லுங்கள். வலையைக் கையால் தள்ளிப் பாருங்கள், தடியை அளந்து பாருங்கள். மீதிக் காசு பில் கைக்கு வந்த பிறகு.