மலேசியா சுங்கை சிப்புட் ஞாயிறு பயோஸ்டாடிஸ்டிக்ஸ் (மருத்துவப் புள்ளியியல்) கிளாஸ், என் அனுபவம்

நான் நர்ஸ், மாஸ்டர்ஸ் படிக்கிறேன், புள்ளியியல்ல வர பி-வேல்யூன்னாலே பயம். கடைவீட்டு மாடியில நடக்குற இந்த கிளாஸுக்கு ஆறு வாரம் போனேன்.

முதல் நாளே டீச்சர் ரெண்டு கிண்ணத்துல அரிசி கொண்டு வந்தாங்க, ஒண்ணு பச்சரிசி ஒண்ணு புழுங்கல். 1905ல கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில வில்லியம் ஃப்ளெட்சர்னு ஒரு டாக்டர் நோயாளிகளுக்கு நம்பர் கொடுத்து, ஒற்றைப்படையை ஒரு வார்டு இரட்டைப்படையை இன்னொரு வார்டுன்னு பிரிச்சு, ஒரு பக்கம் தீட்டின வெள்ளை அரிசி, இன்னொரு பக்கம் புழுங்கல் போட்டு பார்த்தாராம். வெள்ளை அரிசி பக்கம் பெரிபெரி (வைட்டமின் பி1 குறைவால வர நோய்) வந்து 18 பேர் செத்துட்டாங்க, புழுங்கல் பக்கம் புதுசா யாருக்கும் வரல. எஸ்டேட்ல நம்ம பாட்டிமாரு பொங்கின அதே புழுங்கல் அரிசி, கேட்டப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

பி-வேல்யூவையும் அதே அரிசி வச்சே சொன்னாங்க: அரிசியால வித்தியாசமே இல்லன்னு வச்சுக்கிட்டா, இவ்வளவோ இதுக்கு மேலயோ வித்தியாசம் தற்செயலா வர எவ்வளவு வாய்ப்பு, அதான். நிப்பா வைரஸ் பாடமும் அருமை, கொசு வழியா வர ஜேஇ (ஜப்பானிய மூளைக்காய்ச்சல்)னு முதல்ல நெனச்சாங்க, ஆனா பெரும்பாலும் பன்னி பண்ணையில வேலை செஞ்ச பெரியவங்களுக்குத்தான் வந்துச்சு, ஜேஇ வழக்கமா பிள்ளைங்களுக்குத்தான் அதிகம் வரும், அதுல இருந்துதான் இது ஜேஇ இல்லையோன்னு சந்தேகமே.

சாம்பிள் சைஸ் (ஆய்வுக்கு எத்தனை பேர் வேணும்னு கணக்கு போடுறது) பாடத்தை மட்டும் ரொம்ப அவசரமா முடிச்சுட்டாங்க, அதுக்கு இன்னொரு வாரம் கொடுக்கணும். ஏர்கோனும் சரியில்ல. தீசிஸ் எழுதுறவங்க, ஹவுஸ்மேன் (பயிற்சி டாக்டர்) பிள்ளைங்க தாராளமா சேரலாம்.