லேபிள் இல்லாத டப்பாவில் மங்கு கிரீம்: என் முகத்துக்கு நடந்தது

கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப்பள்ளியில் உடற்கல்வி சொல்லிக் கொடுக்கிறேன். பதினான்கு வருடமாகத் திடல் வெயிலில்தான் பாதி வேலை. இரண்டு கன்னத்திலும் மங்கு ஏறி, நெற்றி ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம் என்று ஆகிவிட்டது. தங்கச்சி கல்யாணம் நெருங்கவும், தெரிந்தவர் சொன்ன ஓர் அழகு நிலையத்துக்குப் போனேன்.

அங்கிருந்த அக்கா இரண்டு வெள்ளை டப்பாக்களை எடுத்து வைத்தார். லேபிள் கிடையாது. மூடியில் மார்க்கர் பேனாவில் ‘பகல்’, ‘இரவு’ என்று மட்டும் எழுதியிருந்தது. இரவுக் கிரீம் மஞ்சளாக இருந்தது. “உங்க தோலுக்குன்னே நான் கைப்பட கலந்தது டீச்சர், பத்தே நாள் பாருங்க” என்றார். இரண்டும் சேர்த்து 180 வெள்ளி (ரிங்கிட்).

ஒன்பதாம் நாளே மங்கு வெளுத்துவிட்டது. ஆசிரியர் அறையில் என்ன போடுகிறீர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். நானும் பெருமையாகக் கடையைச் சொன்னேன், இரண்டு பேர் போய் வாங்கினார்கள். நான் இதை எழுத உட்கார்ந்ததே அவர்களுக்காகத்தான்.

மூன்று மாதத்தில் வியர்வை பட்டாலே முகம் எரிந்தது. கன்னத்தில் நூல் போலச் சிவப்பு நரம்புகள் தெரிந்தன. ஒரு பள்ளி விடுமுறையில் ஈப்போவுக்குப் போனபோது டப்பாக்களை மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் முகம் சிவந்து வீங்கி, பொடிப் பொடியாகப் பரு. திரும்பி வந்து காட்டினால், “நச்சு வெளியாகுது, நல்லதுதான்” என்று சொல்லி 1,500 வெள்ளிக்கு, தோலை உரிக்கும் பீலிங் பேக்கேஜ் கட்ட வைத்தார். இரண்டாவது பீலிங் சனிக்கிழமை. திங்கள்கிழமை ஓட்டப் பயிற்சிக்குத் திடலில் நின்றேன். ஒரு வாரத்தில், உரிந்த இடமெல்லாம் முன்பிருந்த மங்கைவிடக் கருத்துவிட்டது. நம் மாநிறத் தோல் புண்ணோ சூடோ பட்டால் பெரும்பாலும் கருமையை விட்டுவிட்டுத்தான் ஆறும். இதை எனக்குச் சொன்னவர் அந்த அக்கா இல்லை, பிறகு பார்த்த தோல் மருத்துவர்.

அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கித்தான் அவரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது, “டப்பாவைக் கொண்டு வந்தீர்களா?” முகத்தைப் பார்த்ததுமே ஸ்டீராய்டு என்று சந்தேகப்பட்டார். இப்படி விற்கும் கிரீம்களில் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடிப்பவை பாதரசம், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. பாதரசம் தோலோடு நிற்காது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால் சிறுநீர்ச் சோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். முடிவு வரும்வரை நான் தூங்கவில்லை. நல்லவேளை, சரியாக வந்தது. மற்ற மூன்றும் மருந்துகள். மருத்துவர் அளவு பார்த்து, நாள் பார்த்துக் கொடுக்க வேண்டியவை. ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும், நிறுத்தினால் முகம் பற்றி எரியும். ஈப்போவில் எனக்கு நடந்தது அதுதான்.

இங்கே மலேசியாவில் சட்டப்படி விற்கும் எந்த அழகுசாதன முகக் கிரீமுக்கும், மருந்துகளையும் அழகுசாதனங்களையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வின் அறிவிப்பு எண் இருக்க வேண்டும். என்.ஓ.டி. (NOT) என்று தொடங்கி, இலக்கங்கள் வந்து, கே-யில் (K) முடியும். எண்ணைப் பார்த்ததும் நம்பிவிடாதீர்கள், பொய் எண்ணும் அச்சடிக்கிறார்கள். அவர்களுடைய இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டி, வருகிற பெயரும் கையிலிருக்கிற பெயரும் ஒன்றுதானா பாருங்கள். லேசர் என்றால் அழகு நிலையத்துக்கே போகக்கூடாது. அழகுச் சிகிச்சை செய்யச் சுகாதார அமைச்சு கொடுக்கும் எல்.சி.பி. சான்று உள்ள மருத்துவர்தான் செய்யலாம். சான்றைக் கேட்டுப் பார்க்கக் கூச்சமே வேண்டாம்.

மூன்று மாதமும் அந்தக் கடையில் சன்ஸ்கிரீன் என்ற வார்த்தையை ஒருவரும் சொல்லவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மங்குக்கு முதல் மருந்தே அதுதானாம். எஸ்.பி.எஃப். 50, முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், திடலில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். மேகமூட்டம் என்று விடக்கூடாது, கார்க் கண்ணாடி வழியாகவும் கதிர் வரும். மங்கைக் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் கூட்டுமாம், அதனால் இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீனை எழுதிக் கொடுத்தார். முகம் அடங்கிய பிறகு, மங்கைக் குறைக்க அசெலாயிக் ஆசிட் என்ற பூச்சு மருந்து. பத்து நாளில் போகாது, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும், வெயிலில் விட்டால் திரும்ப வரும் என்று முன்கூட்டியே சொன்னார். அப்புறம் தலைமையாசிரியரிடம் பேசி, என் வகுப்புகளைக் காலை முதல் பாடவேளைகளுக்கு மாற்றிக்கொண்டேன். அகல விளிம்புத் தொப்பி இல்லாமல் இப்போது திடலில் இறங்குவதில்லை.

பேக்கேஜ் பணத்துக்குப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் வேண்டாம். ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும் இருந்ததால் எழுதச் சுலபமாக இருந்தது.

இப்படி லேபிள் இல்லாத டப்பா வீட்டில் இருந்தால் குப்பையில் போடாதீர்கள். பையில் கட்டி மருத்துவரிடம் கொண்டு போய்க் காட்டுங்கள், மாதக்கணக்கில் போட்டிருந்தால் எப்படி நிறுத்துவது என்றும் அவரிடமே கேளுங்கள். பிறகு சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவில் ஒப்படையுங்கள். என் டப்பாக்கள் அங்கேதான் இருக்கின்றன. என் பேச்சைக் கேட்டு வாங்கிய இரண்டு ஆசிரியைகளில் ஒருவர் கொடுத்துவிட்டார். இன்னொருவர் இன்னமும் பூசுகிறார், அவருக்கு இதை அனுப்புகிறேன்.