கிளி தன் இறகைத் தானே பிடுங்கினால்: காலர் போடுவதா, சொட்டு மருந்தா, ஜோடியா, டாக்டரா?

எங்கள் வீட்டில் வளரும் சன் கானூர் என்ற மஞ்சள் கிளிக்கு அப்போது எட்டு மாதம். ஒரு நாள் காலையில் கூண்டு மேலிருந்த துணியை எடுத்தால், அடித்தட்டில் மஞ்சள் இறகு பத்துப் பன்னிரண்டு கிடக்கிறது, நெஞ்சில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு சாம்பல் பஞ்சு தெரிகிறது. பதறிப்போய் கிளி வளர்க்கிற எல்லோரிடமும் கேட்டேன். அலகு உடம்புக்கு எட்டாதபடி கழுத்தில் காலர் போடு என்றார் ஒருவர். வேப்பெண்ணெய் தடவு, பேன் மருந்து விடு, ஜோடி சேர்த்து விடு, இறகு மாற்றும் வயசுதான் சும்மா விடு என்று மற்றவர்கள். ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவே இல்லை. அதனால் ஒவ்வொன்றையும் எதிரெதிரே வைத்துப் பார்த்ததில் எனக்குத் தெரியவந்ததை எழுதுகிறேன், இப்போது அதே பதற்றத்தில் யாராவது இருப்பீர்கள்.

முதலில் சும்மா விடுவதா, ஏதாவது செய்வதா. இளம் கிளிகள் பிறந்த முதல் வருடத்தில் பழைய இறகை உதிர்த்துப் புது இறகு போடும் என்பது உண்மைதான், அந்த நாட்களில் உடம்பு அரிக்கும், கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கும். ஆனால் தானாக உதிர்வதையும் பிடுங்குவதையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. கீழே கிடக்கும் இறகைக் கையில் எடுத்துப் பாருங்கள். தானாக உதிர்ந்தது முழுசாக இருக்கும், அடிக்குழல் காய்ந்து சுத்தமாக இருக்கும், உடம்பில் வழுக்கையும் விழாது. எங்கள் கூண்டில் கிடந்ததில் பாதி, நடுத்தண்டு கடித்து நசுங்கியவை, இரண்டில் அடிக்குழலுக்குள் ஈர ரத்தம் இருந்தது. அதாவது வெள்ளை உறையோடு முள் மாதிரி முளைத்துக்கொண்டிருந்த இறகையே பிடுங்கியிருக்கிறது. இன்னொரு அடையாளம் தலை. கிளியின் அலகு அதன் தலைக்கு எட்டாது, அதனால் தலை மட்டும் பளபளவென்று இருந்து நெஞ்சும் தொடையும் மொட்டையானால் அது தானே செய்கிற வேலை. தலையும் மொட்டை என்றால், அதனுடன் இருக்கும் வேறு பறவை பிடுங்குகிறது, இல்லையென்றால் நோய். பிடுங்குவதுதான் என்று தெரிந்த பிறகும் காத்திருக்கக் கூடாது. திரும்பத் திரும்பப் பிடுங்கினால் தோலில் இறகு முளைக்கும் குழி சேதமாகி, அந்த இடத்தில் அப்புறம் முளைக்காமலே போகலாம்.

அடுத்தது கடையில் விற்கும் சொட்டு மருந்துக்கும் டாக்டருக்கும் உள்ள போட்டி. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை, டாக்டர்தான். பறவைக் கடையில் லேபிள் இல்லாத சின்னப் பாட்டிலைக் கொடுத்து, கழுத்துக்குப் பின்னால் ரெண்டு சொட்டு விடுங்க, பேன் போயிடும் என்றார்கள். அது பெரும்பாலும் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து, எடைக்குத் தக்கபடி கொடுக்க வேண்டியது. சன் கானூரின் எடையே 100 முதல் 120 கிராம்தான், எந்த அடர்த்தியில் கலந்தது என்று தெரியாத மருந்தை அதன் மேல் விட எனக்கு மனசு வரவில்லை. அதோடு வீட்டுக்குள்ளேயே வளரும் கிளி இறகு பிடுங்கப் பேன் காரணமாக இருப்பது அபூர்வம். உண்மையான உடல் காரணங்கள் வேறு: வெறும் சூரியகாந்தி விதையும் தினையும் தின்பதால் வரும் வைட்டமின் ஏ குறைவு, கல்லீரல் கோளாறு, தோலில் பூஞ்சை அல்லது பாக்டீரியா தொற்று, காக்கட்டீல் (cockatiel) என்ற சின்னக் கொண்டைக் கிளிகளுக்கு வரும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி, இறகைக் கெடுக்கும் சர்க்கோவைரஸ், துத்தநாகம் பூசிய கம்பியைக் கடித்துக் கடித்து உடம்பில் சேரும் துத்தநாகம். இதில் எதுவும் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியது அல்ல, எச்சமும் ரத்தமும் பரிசோதிக்க வேண்டும். நாய் பூனை மட்டும் பார்க்கிறவரிடம் போகாமல் பறவை பார்க்கத் தெரிந்தவரைத் தேடிப் போங்கள், தூரமானாலும் பரவாயில்லை.

வேப்பெண்ணெய், எலுமிச்சைச் சாறு, தேங்காய் எண்ணெய், கசப்பு ஸ்ப்ரே எல்லாவற்றையும் ஒரே கட்டில் சேர்த்துக் கட்டி ஒதுக்கிவிடலாம். எண்ணெய் பட்டால் இறகு ஒட்டிப்போய் உடல் சூட்டைக் காக்காது, கிளி அதைக் கோதிக் கோதி விழுங்கவும் செய்யும். புளிப்பும் கசப்பும் ஏற்கெனவே எரிகிற தோலை இன்னும் எரிய வைக்கும்.

காலர் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கு ஒரு சரியான இடம் இருக்கிறது. இறகோடு நிற்காமல் தோலையும் சதையையும் கடித்துக் குதறி ரத்தம் வர வைக்கிற பறவைக்கு, புண் ஆறும் வரை டாக்டர் போடும் காலர் உயிரைக் காப்பாற்றும். மற்றபடி வெறும் இறகுக்காகக் காலர் போட்டால், கிளியால் இறகு கோத முடியாது, சரியாக ஏற முடியாது, சில பறவைகள் சாப்பாட்டையே விட்டுவிடும். பிடுங்க வைத்த காரணம் அப்படியே இருப்பதால், கழற்றிய அன்றே மறுபடி ஆரம்பிக்கும்.

இதற்கு எதிரே நான் வைப்பது கிளியின் நாளையே மாற்றுவது. கேட்பதற்கு மருந்து மாதிரியே இருக்காது, ஆனால் ஆதாரம் இருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இளம் ஆரஞ்சு இறக்கை அமேசான் கிளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து வளர்த்தார்கள், 2003-இல் அந்த ஆய்வு வெளியானது. ஒரு குழுவுக்குத் தேடித் தின்கிற வசதியும் ஏறிக் கடித்து விளையாடப் பொருட்களும், இன்னொரு குழுவுக்கு வெறும் கூண்டு. வெறும் கூண்டில் இருந்தவற்றின் இறகு மோசமாகிக்கொண்டே போனது, பிறகு அவற்றுக்கும் அதே வசதிகளைக் கொடுத்ததும் தேறியது. காட்டில் கிளிக்கு இரை தேடுவதே பெரிய வேலை, நாம் கிண்ணத்தில் கொட்டி வைத்தால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. மிச்ச நேரம் முழுக்க அந்த அலகு என்ன செய்யும்?

நாங்கள் கிண்ணத்தை எடுத்துவிட்டோம். அச்சில்லாத காகிதத்தைச் சின்னச் சின்னதாகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் ஒரு மக்காச்சோள மணியோ கேரட் துண்டோ வைத்து மிட்டாய் மாதிரி முறுக்கி, கூண்டுக் கம்பியில் செருகி வைத்தோம். முதல் நாள் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. மூன்றாம் நாள் ஒன்றை இடது காலில் பிடித்துக்கொண்டு, முறுக்கைப் பல்லில்லாத கிழவி முறுக்கு தின்பது போல ஓரம் ஓரமாக மென்று பிரித்தது. அப்புறம் முருங்கைக்கீரைக் கொத்தைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டோம், பூசணியும் சிவப்புக் குடைமிளகாயும் சேர்ந்தன, விதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பெல்லட் என்ற குருணைத் தீவனத்துக்கு மாற்றினோம்.

இதைவிடப் பெரிய தப்பு தூக்கத்தில் இருந்தது. சன் கானூரின் சொந்த ஊர் கயானாவும் பிரேசிலின் வடபகுதியும், நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், வருடம் முழுக்க இரவு கிட்டத்தட்ட 12 மணி நேரம். எங்கள் ஹாலில் டிவி பதினொன்றரைக்கு அணையும், ஆறு மணிக்கு மிக்ஸி ஓடும். கூண்டை உள்ளறைக்கு மாற்றி ஏழு மணிக்கே இருட்டாக்கினோம். காலையில் வெதுவெதுப்பான தண்ணீரை மேலிருந்து மழைபோலத் தெளித்தோம், அரிப்புக்கு அது நல்லது. கொசுவத்தியும் ஊதுவத்தியும் அந்த அறைப் பக்கமே போகவில்லை. பிடுங்கும்போது ஓடிப்போய் அதட்டுவதை நிறுத்தியதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அதட்டினால் அதற்கு நாம் வந்தோம் என்பதே பரிசு.

ஜோடி வாங்குவது? கானூர் கூட்டமாக வாழும் பறவைதான், தனிமை ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் பிரச்சினை நடக்கும் நேரத்தில் வாங்காதீர்கள். புதுப் பறவையைக் குறைந்தது ஒரு மாதம் தனி அறையில் வைத்துச் சோதிக்க வேண்டும், இல்லையென்றால் சர்க்கோவைரஸ் மாதிரி எதையாவது கொண்டு வந்துவிடும். இரண்டுக்கும் ஒத்துப்போகாமல் சண்டை வரலாம், புதியது பழையதைப் பார்த்துப் பிடுங்கப் பழகவும் செய்யலாம். குளோமிப்ரமின், ஃப்ளூவோக்செட்டின் மாதிரி மனநல மருந்துகளும் பறவைகளுக்குக் கொடுக்கப்படுகின்றன, அது டாக்டர் எல்லாவற்றையும் பார்த்த பிறகு அவராக எடுக்க வேண்டிய முடிவு.

வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை, அதே ஜன்னல் வெளிச்சத்தில் நெஞ்சைப் படம் எடுங்கள், தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது. எங்களுக்கு ஆறாவது படத்தில்தான் முள் முளைத்தது தெரிந்தது. ஒன்பதாவதில் அந்த உறைகள் உதிர்ந்து மஞ்சள் விரிந்திருந்தது. இடது தொடையில் மட்டும் இன்னும் ஒரு இடம் பஞ்சாகவே இருக்கிறது, அதற்கு அடுத்த இறகு மாற்றம் வரை பொறுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.