பர்மா தேக்குக் கதவுக்கு ஆர்பிட்டல் சாண்டர்: வாங்கலாமா?

செட்டிநாட்டுக் கோட்டையூரில் எங்கள் பங்கு வீட்டுக் (பங்காளிகளோடு பகிர்ந்துகொள்கிற பூர்வீக வீடு) கதவுகளுக்காக 5 அங்குல ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர் ஒன்று வாங்கினேன், உப்புத்தாள் ஒட்டி மரத்தைத் தேய்க்கிற மெஷின் இது. ஒரு கைக்குள் அடங்குகிற மெஷின், 300 வாட்டுக்குள்தான், வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு. வளவைச் (வீட்டின் நடு முற்றம்) சுற்றியுள்ள அறைக் கதவுகள் எல்லாவற்றையும் இதை வைத்தே முடித்துவிட்டேன். பழைய வீட்டைத் தன் கையாலேயே பராமரிக்க நினைக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஒன்றே ஒன்று: நம் பக்கத்து வீடுகளில் பெயின்ட் போன பிறகுதான் இதற்கு வேலை, செதுக்கு வேலை தொடங்குகிற இடத்தில் இதை அணைத்துவிட வேண்டும்.

முதலில் பெயின்ட். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை) என்று ஒவ்வொரு விசேஷத்துக்கும் கதவில் ஒரு கோட் எனாமல் ஏற்றுவது நம் வீடுகளில் வழக்கம். எங்கள் கதவில் பிரவுனுக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் ஒரு சாம்பல் நிறம். அந்தக் காலத்து எனாமலில் ஈயம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட் மேல் சாண்டரை ஓட்டினால் ஈயத் தூள் வளவு முழுக்கப் பறக்கும். தரையில் தவழ்கிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அது பெரிய கெடுதல். ஆகவே பெயின்ட் ரிமூவர் தடவி, ஊறவிட்டு, பட்டி பிளேடால் ஈரமாகவே சுரண்டி எடுங்கள். கீழே பிளாஸ்டிக் ஷீட் விரித்து, விழுந்ததை அப்படியே சுருட்டிக் கட்டிவிட வேண்டும். அதைக் கொளுத்தவே கூடாது. மூலையில் ஒட்டியிருக்கிற மிச்சத்துக்குத் தண்ணீர் தொட்ட உப்புத்தாள் போதும்.

மரம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு இந்த மெஷினின் அருமை புரியும். கதவுச் சட்டத்தில் நின்ற கட்டையும் குறுக்குக் கட்டையும் சேருமிடத்தில் மர ரேகை ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடும். கையால் தேய்த்தால் ஒரு கட்டைக்கு நேராகப் போகிற தாள் மற்றதன் மேல் கீறிவிடும். சாண்டரின் தட்டு சுற்றிக்கொண்டே சின்ன வட்டத்தில் ஆடவும் செய்வதால் கீறல் ஒரே தடத்தில் விழுவதில்லை. அந்தச் சந்திப்பில் கண்ணுக்குத் தெரிகிற கோடே இல்லை. இதற்காக மட்டுமே கொடுத்த காசு தகும் என்பேன்.

அழுத்தாதீர்கள். அழுத்தினால் தட்டு சுற்றுவது நின்று ஆட்டம் மட்டும் மிஞ்சும், வேலையும் நடக்காது, தாளைத் தட்டில் பிடித்திருக்கிற வெல்க்ரோவும் சூடேறிக் கெடும். மெஷினின் எடையே போதும், மெதுவாக நகர்த்தினால் சரி. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, தாள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். வேகத்தைக் குறைத்து வைத்தால் கொஞ்சம் தாங்கும். நான் 120 நம்பர் தாளில் தொடங்கி 180-இல் முடித்தேன் (நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும்). பள்ளம் மேடாக இருந்த ஒரு கதவுக்கு மட்டும் 80 தேவைப்பட்டது.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பழைய தேக்கின் அந்த ஆழ்ந்த செம்பழுப்பு மேல்தோலில் மட்டும்தான் இருக்கிறது. சாண்டர் அதைச் சில நிமிடத்தில் எடுத்துவிடும், அடியில் தேன் நிற மரம் வரும். வெளிச்சம் படப் பட மறுபடி கருக்கும், ஆனால் அதற்குக் காலம் பிடிக்கும். 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது நம் நகரத்தார்களின் கொண்டுவிற்றல் (வட்டித் தொழில்) அங்கே முறிந்தது. அந்தத் தொடர்பில் வந்த தரத்து மரம் இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், இடித்த வீட்டுக் கதவாகவும் தூணாகவும்தான் கண்ணில் படுகிறது. அதனால் நிறம் நன்றாக இருக்கிற கதவைத் தேய்க்காமல் துடைத்து எண்ணெய் மட்டும் போடுங்கள்.

முகப்பு நிலைக்கு மெஷினே வேண்டாம். எங்கள் நிலையில் மேலே கஜலட்சுமி, இரு பக்கமும் கொடியும் கிளியும். பார்க்க வந்த ஆசாரி, “ஆச்சி, இதுல மட்டும் மெஷினை வச்சிராதீங்க. கிளிக்கு மூக்கு இருக்காது” என்றார். உண்மைதான்: தட்டையான தட்டு மேடான இடத்தை மட்டுமே தின்னும், செதுக்கிய விளிம்பெல்லாம் மழுங்கிப் போகும். பழைய பல்துலக்கும் பிரஷ், மூங்கில் குச்சியில் சுற்றிய துணி, மடித்த உப்புத்தாள், இவைதான் அங்கே. நாள் கணக்காக இழுக்கிற வேலை. அதைக் குறுக்கு வழியில் முடிக்கச் சொல்லி யாரையும் விடாதீர்கள், கூலிக்கு வருகிறவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

குறை என்றால் தூசிப் பை. பெயருக்குத்தான் இருக்கிறது, சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. வாக்குவம் கிளீனர் குழாயைச் சொருகிக்கொண்டால் காற்று தெளிவாக இருக்கும். தாளில் உள்ள ஓட்டைகளும் தட்டின் ஓட்டைகளும் நேராக நிற்கிறதா என்று பார்த்து ஒட்டுங்கள். தேக்குத் தூள் சிலருக்கு அரிப்பையும் தும்மலையும் கிளப்பும், என்95 மாஸ்க் இல்லாமல் தொட வேண்டாம். சத்தமும் அதிகம்தான், பக்கத்துப் பங்கில் ஆட்கள் இருந்தால் மதியத் தூக்க நேரத்தை விட்டுவிடுங்கள்.

மேல்பூச்சுக்கு உள் கதவுகளில் அரக்கு பாலிஷ் போட்டேன், அழகாக எடுத்துக்கொண்டது. சாரல் படுகிற வெளிக் கதவில் அரக்கு வெளுத்துத் திட்டாகும் என்பதால் அங்கே லின்சீட் ஆயில். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிட்டு, விறைத்த பிறகே வெளியே போடுங்கள்.