மக்காண்டோ கிணற்றை அடைத்த மூடி: ஒரு மதிப்பீடு

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' துளையிடு மேடை வெடித்து 11 பேர் உயிரிழந்தனர். அதன்பின் ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில் கிடந்த மக்காண்டோ கிணற்றிலிருந்து 87 நாட்கள் எண்ணெய் பீறிட்டது. ஜூலை 15 அன்று அந்தப் பீறிடலை நிறுத்திய 'கேப்பிங் ஸ்டாக்' என்னும் மூடியைப் பற்றியது இம்மதிப்பீடு. அதன் பெருமை பலத்தில் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். என் கணிப்பில் அது பொறுமையில் இருக்கிறது.

இதற்கு முன் மே மாதத்தில் இறக்கப்பட்ட எஃகுக் கவிகை ஏன் தோற்றது என்று பார்த்தால் இது விளங்கும். அந்த ஆழத்தின் குளிரிலும் அழுத்தத்திலும் மீத்தேனும் நீரும் சேர்ந்து பனிக்கட்டி போன்ற ஹைட்ரேட்டாக உறைந்து, கவிகையின் மேல்துளையை அடைத்ததோடு, நீரைவிட இலேசானதால் கவிகையையே மேலே தூக்கவும் தொடங்கியது. அடுத்து, கனமான துளையிடு சேற்றை மேலிருந்து செலுத்தி எண்ணெயை அமுக்கிப் பார்த்தார்கள். ரப்பர்த் துண்டுகளையும் கோல்ஃப் பந்துகளையும்கூட உள்ளே தள்ளினார்கள், அதுவும் பலிக்கவில்லை.

புதிய மூடியோ பீறிடும் எண்ணெயோடு மல்லுக்கு நிற்கவில்லை. நடுத்துளை திறந்தபடியே இறக்கப்பட்டதால், தொலைவிலிருந்து இயக்கப்பட்ட ரோபோக்கள் அதைப் பொருத்தும்போது எண்ணெய் அதனூடே போய்க்கொண்டிருந்தது. பழைய குழாயின் ஃபிளாஞ்சில் (குழாய்களை இணைக்கும் விளிம்புத் தட்டில்) இருந்த ஆறு போல்ட்டுகளைக் கழற்றி, இணைப்புக் குழாய் ஒன்றைப் பூட்டி, அதன்மேல் ஏறத்தாழ 75 டன் எடையுள்ள இந்த மூடியை அமர்த்தினார்கள். மூடியில் எண்ணெய் வெளியேறும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்து, கடைசி வழியை, ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக் வால்வு கொண்டு சிறிதுசிறிதாக மூடினார்கள். சட்டென மூடியிருந்தால் ஏறும் அழுத்தம் கிணற்றின் உட்சுவராக இருக்கும் உறைகுழாயைப் பிளந்து, எண்ணெயைக் கடற்படுகை வழியே கசியவிடும் அபாயம் இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த அம்சம் அதன் அழுத்தமானிதான். சதுர அங்குலத்துக்கு 6,000 பவுண்டுக்குக் கீழே நின்றால் கிணறு அடியில் ஒழுகுகிறது என்றும், 7,500-ஐத் தாண்டினால் கிணறு உறுதியாக இருக்கிறது என்றும் பொருள்கொள்ளத் திட்டமிட்டிருந்தனர். முள்ளோ ஏறத்தாழ 6,700-இல் நின்று குழப்பியது. அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் பால் ஷீ, பல வாரக் கசிவால் எண்ணெய்த் தேக்கமே வற்றியிருந்தால் இந்த அளவுதான் வரும் என்று கணக்கிட்டுக் காட்டியதால் மூடி திறக்கப்படாமல் தப்பியது. வெறும் அடைப்பானாக மட்டும் செய்திருந்தால் இந்த விவாதத்துக்கே இடமிருந்திராது.

குறைகளும் உண்டு. சேதமில்லாத ஃபிளாஞ்சு கிடைக்காத கிணற்றில் இதைப் பொருத்துவது பெரும்பாடு. மேலும், இது கிணற்றை மூடும், கொல்லாது; அதாவது நிரந்தரமாக அடைக்காது. ஆகஸ்ட் தொடக்கத்தில் மேலிருந்து சேறும் சிமென்டும் செலுத்திய பிறகும், அடியில் அதை அடைப்பதற்காகத் தனியே தோண்டப்பட்ட நிவாரணக் கிணறு ஏறத்தாழ 5,500 மீட்டர் ஆழத்தில் வந்து சேர்ந்து, செப்டம்பர் 19 அன்றுதான் மக்காண்டோ செத்ததாக அறிவிக்கப்பட்டது. எல்லாவற்றிலும் பெரிய குறை, விபத்து நடந்த அன்று இப்படியொரு மூடி தயாராக இல்லாததே. பின்னாளில் நார்வேயின் ஸ்டவாங்கர், சிங்கப்பூர் போன்ற துறைமுகங்களில் இத்தகைய மூடிகள் ஆயத்தமாக வைக்கப்பட்டன. கருவிக்கு முழு மதிப்பெண் தருவேன்; அது வந்த நேரத்துக்குத் தரமாட்டேன்.